கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு எந்தச் சத்து, எந்த மாதத்தில், எவ்வளவு செலவில்?

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகள், நாள் தள்ளிப்போய் எட்டாவது வாரத்தில் இருந்தபோது, கையால் எழுதிய ஒரு பட்டியலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கர்ப்பிணிகளுக்கான புரதமாவு ஒரு டப்பா, டி.எச்.ஏ. மாத்திரை, குங்குமப்பூ ஒரு கிராம், பாதாம், பேரீச்சம்பழம், இந்துப்பு என்று அதில் இருந்தன. "மாதம் மூவாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைக்க முடியும் பெரியம்மா, பிள்ளை அறிவாகப் பிறக்க இதில் எதையெதை வாங்கலாம், எதை விடலாம்?" என்பது அவளுடைய கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன். மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு இது மாற்று ஆகாது; மருத்துவர் எழுதித் தருவதற்கு அப்பால் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகளைப் பற்றியது.

ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்விகளால் அளந்தேன். அந்தச் சத்து குழந்தையின் மூளைக்கு எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்பது முதல் கேள்வி. தாய்மார்களில் ஒரு பாதிக்கு அதைக் கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல், பிறந்த பிள்ளைகள் வளர்ந்தபின் சோதித்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்ததா என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் கேள்வி மிகவும் முக்கியம். மீன் தின்ற தாயின் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று ஓர் ஆய்வு கண்டால், அது மீனால் வந்ததா, மீன் வாங்க வசதியும் படிப்பும் உள்ள வீடு என்பதால் வந்ததா என்பதை அந்த ஆய்வு மட்டும் பிரித்துச் சொல்லிவிடாது. இவ்விரு கேள்விகளையும் வைத்துப் பார்த்தபோது அவளுடைய பட்டியலின் வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிட்டது: விலை கூடியவற்றுக்குச் சான்று குறைவாகவும், பட்டியலிலேயே இடம்பெறாத மலிவான மூன்று பொருள்களுக்குச் சான்று மிகுதியாகவும் இருந்தன.

அந்த மூன்றில் முதலாவது ஃபோலிக் அமிலம். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருவுற்ற 28 நாள்களுக்குள், அதாவது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறாம் வாரத்திற்குள், மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்கள் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக் கொள்வதே அந்த வாரத்தையொட்டித்தான் என்பதால், முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது எழுதித் தரப்படும் மாத்திரை இந்த ஒரு வேலைக்குப் பெரும்பாலும் பிந்திவிடுகிறது. முன்பு நரம்புக்குழல் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு, அடுத்த கருவுறுதலுக்கு முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளியானது. குறை மீண்டும் வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. மற்ற பெண்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். முன்பு அப்படியொரு குறை நேர்ந்தவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் அளவை மருத்துவரிடமே கேட்க வேண்டும். என் தங்கை மகள் திருமணமான உடனேயே யாரோ சொல்லி இதைத் தொடங்கியிருந்தாள் என்று கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தொடங்காதிருந்தாலும், அந்த வாரம் கடந்துவிட்டதால் இனி வேண்டாம் என்று பொருளில்லை: மைசூரில் கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் இந்தச் சத்து (ஃபோலேட்) கூடுதலாக இருந்த குழந்தைகள், 9, 10 வயதில் கற்றல், நினைவாற்றல், கவனம் ஆகிய சோதனைகளில் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், கொடுத்துப் பார்த்தது அல்ல. ஆயினும் நம் பக்கத்து மாநிலத்துத் தாய்மார்களின் ஆய்வு என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

இரண்டாவது பொருளைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் சத்தாகவே நினைப்பதில்லை. கருவில் முதல் மூன்று, நான்கு மாதங்கள் குழந்தையின் தைராய்டு சுரப்பி தன் வேலையைச் சரிவரத் தொடங்கியிருக்காது. மூளை நரம்பணுக்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, அடுக்கடுக்காக அமைவதற்குத் தேவையான தைராய்டு ஹார்மோனைத் தாயின் இரத்தமே தர வேண்டும். அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். கடுமையான குறைவில் என்ன நேரும் என்பது பப்புவா நியூ கினியின் மலைக்கிராமங்களில் தெளிவாகத் தெரிந்தது: கருவுறுமுன் அயோடின் எண்ணெய் ஊசி போட்ட பெண்களின் குழந்தைகள், காது கேளாமையும் மூளை வளர்ச்சிக் குறைவும் சேர்ந்த பிறவிக் குறையிலிருந்து காக்கப்பட்டார்கள் என்று 1971இல் வெளியான ஆய்வு நிறுவியது. குறைவு இலேசாக இருந்தாலும் பொருட்படுத்தாமல் விட முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஏறக்குறைய ஆயிரம் தாய்மார்களின் முதல் மும்மாதச் சிறுநீரைச் சோதித்து, பிள்ளைகளை 8, 9 வயதில் பார்த்தபோது, அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் சொல்லறிவுச் சோதனையிலும் வாசிப்பிலும் பின்தங்கியிருந்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். ஆனால் 2018–19இல் எடுத்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் நாடு முழுவதற்கும் 76.3 சதவீதமாக இருக்க, தமிழ்நாடு 61.9 சதவீதத்தோடு கடைசியில் நின்றது. உப்பளம் பக்கத்தில் இருப்பதே இதற்கு ஒரு காரணம். என் தங்கை மகளின் புகுந்த வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூட்டையாக வந்த கல் உப்பை அவளுடைய மாமியார் ஒரு சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மண்ணும் அழுக்கும் அடியில் தங்கியபின் தெளிந்த நீரைக் குழம்புக்கு ஊற்றுவார். மீதியைக் கழுவி வடித்து, அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத சாடியில் போட்டு வைப்பார். சுத்தத்தின்மேல் கொண்ட அக்கறையால் செய்வதுதான் அது. ஆனால் அளத்திலிருந்து நேராக வரும் கல் உப்பில் அயோடின் மிகச் சொற்பம். அயோடின் தெளித்த கல் உப்பாக இருந்தாலும், அது பரலின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது என்பதால் கழுவும் தண்ணீரோடு போய்விடும். எஞ்சியதும் ஈரத்திலும் அடுப்புச் சூட்டிலும் குறையும்.

ஆகவே உப்பில் உள்ள தெரிவுகளை இப்படி எடைபோட்டேன். இந்துப்பு, விலை பல மடங்கு கூடியது. அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பு இந்தத் தேவைக்கு உதவாது. கல் உப்பு, ருசிக்கும் ஊறுகாய்க்கும் ஆகும். கர்ப்பிணியின் சாப்பாட்டுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. சிரிக்கும் சூரியன் குறியிட்ட அயோடின் தூள் உப்பு, மலிவாகக் கிடைப்பவற்றுள் ஒன்று, சான்றும் அதற்கே. ஆயினும் கணக்குப் பார்த்தால் அதுவும் தனியே முழுவதையும் தந்துவிடாது: சட்டப்படி வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும், நாளுக்கு 8 கிராம் உப்புச் சேர்ந்தால் 120 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250. மீதி பாலிலும் முட்டையிலும் கடல் மீனிலும் வர வேண்டும். உப்பைக் கூட்டித் தின்பது விடையாகாது, இரத்த அழுத்தம் ஏறும்; உப்பின் அளவை விடுத்து உப்பின் வகையைத்தான் மாற்ற வேண்டும். சமையலின் கடைசியில் உப்புப் போடுவதும், மூடியிட்ட டப்பாவில் வைப்பதும் செலவில்லாத திருத்தங்கள்.

மூன்றாவது இரும்பு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதமும் தமிழ்நாட்டில் 48.3 சதவீதமும் இரத்தசோகையோடு இருந்தார்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அந்தக் கணக்கில் சேரும். குழந்தையின் மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் உறை படிவதற்கும், நினைவுக்கான பகுதி வளர்வதற்கும், டோபமைன் போன்ற செய்திக் கடத்திகள் சுரப்பதற்கும் இரும்பு வேண்டும். இரும்பு போதாதபோது குழந்தையின் உடல் கிடைப்பதைச் சிவப்பணுக்களுக்கே முதலில் கொடுக்கிறது, மூளை காத்திருக்கிறது. ஆகையால் குழந்தையின் இரத்தத்தில் குறை தெரியுமுன்பே மூளையில் குறை தொடங்கிவிடக்கூடும். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்து, பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தபோது, கொடுக்கப்படாத தாய்மாரின் பிள்ளைகளைவிட அறிவுத்திறன், கைத்திறன் சோதனைகளில் முன்னே நின்றார்கள் என்று 2010இல் வெளியானது. கொடுத்துப் பார்த்துக் கண்ட சான்று, அதுவும் நம்மைப் போன்றே சோறும் பருப்பும் தின்னும் மக்களிடம் கிடைத்த சான்று என்பதால், இதற்கு என் தராசில் எடை அதிகம்.

இரும்பைப் பெறுவதிலும் தெரிவுகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 180 நாள். நான்கைந்து பேரீச்சம்பழம் தருவது ஓரிரு மில்லிகிராமைத் தாண்டாது. பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் நம்பிக்கை தருகின்றனவே தவிர இரும்பால் அல்ல. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்ல உணவுகள், ஆனால் அவற்றின் இரும்பு உடலில் சேர்வது குறைவு; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சற்றுக் கூடும். அசைவம் உண்ணும் வீட்டில், நம் பெரியவர்கள் இரத்தம் ஊற வாங்கிக் கொடுக்கும் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) உண்மையிலேயே இரும்பு செறிந்தது, எளிதில் உடலில் சேர்வது; ஈரலை மட்டும், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், அடிக்கடி தின்ன வேண்டாம், அதிலுள்ள மிகையான வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது. இவை யாவும் மாத்திரைக்குத் துணை நிற்கும். மாத்திரையின் இடத்தை நிரப்பா.

மாத்திரையின் குறை அதன் விலையிலோ தரத்திலோ இல்லை, அது வயிற்றுக்குள் போகாமலேயே இருந்துவிடுவதில் இருக்கிறது. என் முதல் பிள்ளையைச் சுமந்தபோது மலம் கருப்பாகப் போவதைக் கண்டு பயந்து, யாரிடமும் கேட்காமல், இரண்டு மாத மாத்திரைகளை பீரோவில் சேலைக்கு அடியில் அடுக்கி வைத்தவள் நான். செவிலியர் வந்து கேட்டால் சாப்பிடுகிறேன் என்பேன். மலம் கருப்பாவது இரும்பால் வரும் இயல்பான மாற்றம் என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கூட்டலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தை மாற்றித் தரவோ, ஹீமோகுளோபின் மிகக் குறைந்திருந்தால் இரும்பை இரத்தநாளம் வழியாக ஏற்றவோ வழி இருக்கிறது. தேநீர், காப்பியோடும், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும்.

இனி அவளுடைய பட்டியலுக்கே வருகிறேன். டி.எச்.ஏ. என்பது மூளையின் கொழுப்பில் முக்கியப் பங்கு வகிக்கும் ஒமேகா-3 அமிலம். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை அதை வேகமாகச் சேர்க்கிறது. விளம்பரங்கள் சொல்வது இதுவரை உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 800 மில்லிகிராம் டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்தபோது, 18 மாதத்தில் பிள்ளைகளின் அறிவிலோ மொழியிலோ வித்தியாசம் இல்லை என்று 2010இல் வெளியானது. 4 வயதிலும் 7 வயதிலும் பார்த்தபோதும் பலன் தெரியவில்லை. வேறொரு பலன் உண்டு: 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 34 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு 4.6 என்பதிலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தது. குறைமாதப் பிறப்பு மூளைக்குச் சுமை என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் 2019இல் ஆஸ்திரேலியாவில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில் அந்த வித்தியாசமும் காணப்படவில்லை. ஒமேகா-3 ஏற்கெனவே போதுமானதாக உள்ள தாய்க்கு மாத்திரையால் கூடுதல் நன்மை இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மாத்திரைக்கு எதிரே மீனை வைத்துப் பார்ப்போம். பிரிஸ்டல் பகுதித் தாய்மாரையே தொடர்ந்த மற்றோர் ஆய்வில், வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாக மீன் உண்டவர்களின் பிள்ளைகள் சொல்லறிவில் பின்தங்கியிருந்தார்கள். கவனித்துப் பார்த்த ஆய்வு என்ற குறை இதற்கும் உண்டு. ஆனால் மீனில் டி.எச்.ஏ. மட்டும் இல்லை, அயோடினும் வைட்டமின் பி12-உம் நல்ல புரதமும் சேர்ந்தே வருகின்றன, மாத்திரையில் அவை இல்லை. கடலோரத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்தத் தெரிவு எளிது: வாரம் இரண்டு முறை சாளையோ நெத்திலியோ போதும், அவை மலிவு, கொழுப்புச் செறிவு கூடியவை, சின்ன மீன் என்பதால் பாதரசமும் குறைவு. சுறா போன்ற பெரிய மீன்களைக் கர்ப்ப காலத்தில் தள்ளி வைக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குச் சுறாப்புட்டு செய்யும் வழக்கமுள்ள வீடுகளிலும் அப்போது வேறு மீனுக்கு மாறுவது நல்லது. மீனே தொடாத சைவ வீட்டுப் பெண் என்றால் என் பதில் மாறும். ஆளிவிதையிலிருந்து உடல் செய்துகொள்ளும் டி.எச்.ஏ. மிகக் குறைவு என்பதால், நுண்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நியாயமான செலவு. அவர்களுக்கு அதைவிட முந்தியது பி12: புனேயில் பி12 மிகக் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் 9 வயதில் கவனம், நினைவுச் சோதனைகளில் பின்தங்கினார்கள், மைசூர் ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. முடிவு இரண்டுபட்டிருந்தாலும், பி12 குறைவு தாயின் உடலுக்கும் ஆகாது என்பதால் ஒருமுறை சோதித்துக் கொள்ளச் சொல்வேன்.

புரதமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ப்பிணிக்கு, நடு மூன்று மாதங்களில் நாளுக்கு 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் புரதம் கூடுதலாக வேண்டும் என்று 2020இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்தது. இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் ஐந்தாறு கிராம், தேவை நிறைந்துவிடுகிறது. முட்டையின் மஞ்சள் கருவில் மூளைக்கு வேண்டிய கோலினும் இருக்கிறது. அதைக் கூடுதலாகக் கொடுத்தால் குழந்தைகளின் எதிர்வினை வேகம் கூடுவதாக 2018இல் அமெரிக்காவில் கண்டார்கள், ஆனால் அது முப்பதுக்கும் குறைவான பெண்களிடம் செய்த சிறு ஆய்வு. டப்பா மாவில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் பார்க்காமல் வாங்கக் கூடாது. புரதம் மிகுந்த மாவுகளைக் கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, குழந்தை சிறுத்துப் பிறக்கும் அபாயம் கூடக்கூடும் என்பதே காரணம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வீட்டிலுள்ள மற்றவர்கள் கரைத்துக் குடிக்காமல் அவளே சாப்பிட்டாலே போதும். குங்குமப்பூ குழந்தையின் நிறத்துக்கும் அறிவுக்கும் ஒன்றும் செய்வதில்லை.

பணத்தால் வாங்க முடியாத ஒன்றையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில், கர்ப்பத்தில் பலவகை நுண்சத்து மாத்திரை உண்ட தாய்மாரின் பிள்ளைகளை 9 முதல் 12 வயதில் சோதித்தபோது, இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் உண்டவர்களின் பிள்ளைகளைவிட ஒருவகை நினைவில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் தாயின் மனச்சோர்வு, வீட்டுச் சூழல், பெற்றோர் படிப்பு ஆகியவற்றுக்கும் பிள்ளைகளின் அறிவுக்கும் இருந்த தொடர்பு, உடல்நலக் காரணங்களைவிட வலுவாக இருந்தது என்று 2017இல் அறிவித்தார்கள். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் மருமகளுக்கு எந்த மாத்திரை வாங்கினாலும் கணக்கு நேராகாது. இதை அவளிடம் சொல்லவில்லை, அவளுடைய கணவரிடம் தனியாகச் சொன்னேன்.

கடைசியில் அவள் எடுத்த முடிவு இது. புரதமாவையும் டி.எச்.ஏ. மாத்திரையையும் இந்துப்பையும் அடித்தாள். நாளுக்கு இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், வாரம் இரண்டு நாள் சாளை, மாதம் ஒருமுறை சுவரொட்டி, ஒரு பொட்டலம் தூள் உப்பு என்று எழுதினாள்; மூவாயிரத்தில் மீதியும் இருந்தது. குங்குமப்பூவை மட்டும் அத்தை ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொண்டாள், நானும் தடுக்கவில்லை. சிவப்பு மாத்திரை அட்டையை இரவுச் சாப்பாட்டுத் தட்டுகள் இருக்கும் அலமாரியில் வைத்தாள், தட்டெடுக்கும்போது கண்ணில் படும் என்று.

பட்டியலில் எழுத முடியாத ஒன்றையும் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரத்தம் குழந்தைக்குப் பல மாதங்களுக்கான இரும்பைச் சேர்த்துத் தருகிறது. ஸ்வீடனில் மூன்று நிமிடம் பொறுத்த குழந்தைகள் 4 வயதில் விரல்நுட்ப வேலைகளில் சற்று முன்னே நின்றதாக 2015இல் கண்டார்கள். பிரசவ அறைக்குள் போகுமுன் அவள் அதைக் கேட்டாளாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் இங்கே அப்படித்தான் செய்கிறோம் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னாராம்.